பெற்றோர் பெயர் எழுத வேண்டிய கட்டம்

கண்ணு,

நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகையின் மாதிரி நேற்று வந்து சேர்ந்தது. மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. மற்றபடி எழுத்தும் அச்சும் நன்றாகவே இருக்கின்றன, மாப்பிள்ளை வீட்டார் பெயர்களிலும் தப்பு இல்லை. ஒரே ஒரு வரியில்தான் என் கண் நின்றுவிட்டது. என் பெயரையும் உன் அம்மா பெயரையும் அடுத்தடுத்துப் போட்டு, "தம்பதியரின் செல்வப் புதல்வி" என்று அச்சடித்திருக்கிறார்கள். நானும் உன் அம்மாவும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து எவ்வளவு காலமாயிற்று என்று உனக்குத் தெரியும். அதனால்தான் நீ இருக்கிற பிளசன்டன் ஊரிலிருந்து முன்னாடியே போன் செய்து என்னைத் தயார் செய்தாய். "அப்பா, இட்ஸ் ஜஸ்ட் ஒன் டே. அம்மா ஓகே சொல்லிட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் மனையில சேந்து உக்காந்தா போதும்." நானும் சரி கண்ணு என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். உன்னிடம் மட்டும் நான் உடனே சரி சொல்லிவிடுவேன், பிறகு உட்கார்ந்து யோசிப்பேன். மற்றவர்களிடமும் இப்படி முதலில் சரி சொல்லிப் பழகியிருந்தால் நம் வீடு வேறு மாதிரி இருந்திருக்கும்.

அம்மா ஏன் ஒத்துக்கொண்டாள் என்பதும் எனக்குப் புரிகிறது. புருஷனைப் பிரிந்தவள் தனியாக மனையில் உட்கார்ந்து தாரை வார்க்க முடியாது, சொந்தத்தில் தம்பதியாக இருக்கிற வேறு யாரையாவது உட்கார வைக்கலாம் என்று கோயில் அய்யர் சொல்லிவிட்டாராம். உன்னைத் தனியாளாக வளர்த்தவள் கூட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டுமாம். அதற்கு ஒரு நாள் பொய் தேவலை என்று அவள் நினைத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அந்தப் பொய்யின் கணக்கு எனக்குத் தெரியும் கண்ணு. அதை யார் தலையில் கட்டினோம் என்பதும் தெரியும். அதைச் சொல்லாமல் நான் அந்த மனையில் வந்து உட்கார முடியாது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். பொறுமையாகப் படி.

நீ ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் நான் எடிசன் ஊரில் இருந்த நம் வீட்டை விட்டு, பக்கத்து ஊரான ஐசலினுக்குக் குடிபோனேன். ஓக் ட்ரீ ரோட்டுக்குப் பின்னால் ஒரு அபார்ட்மென்ட். ஜன்னலைத் திறந்தால் இனிப்புக் கடையின் நெய் வாசம் வரும். முதல் வாரம் அது சுகமாகத்தான் இருந்தது, அப்புறம் அந்த வாசம் வந்தாலே சாப்பாடு இறங்காமல் போயிற்று. பிரிவுக்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. குடியும் இல்லை, வேறு சங்கதியும் இல்லை. என் வாய்தான். பார்க்கிங் டிக்கெட் வந்தால் பேச்சு, தோசை முறுகினால் பேச்சு, பேசி முடித்த பிறகும் பேச்சு. உன் அம்மா ஒரு நாள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல், "ஏனுங்க, நீங்க பேசாத வீட்டுல கொஞ்ச நாள் இருந்து பாக்கோணும்னு இருக்குதுங்க" என்றாள். நான் அதற்கும் ஒரு மணி நேரம் பதில் பேசினேன். அவள் கேட்டது சரிதான் என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்.

பிரிந்தது அப்படி ஒன்றும் அதிசயமில்லை, எத்தனையோ பேர் பிரிகிறார்கள். நாங்கள் செய்த கூத்து அதற்கு அப்புறம்தான். பிரிந்ததைவிட, பிரிந்தது வெளியே தெரிவதுதான் அவமானம் என்று நானும் அவளும் நினைத்தோம். அது ஒன்றில்தான் எங்களுக்குள் கருத்து வேற்றுமையே வரவில்லை. என் பழைய ஷூ ஒரு ஜோடி உங்கள் வாசலிலேயே கிடந்தது. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவென்றால் மளிகைக் கடை பார்க்கிங்கில் என் காரை விட்டுவிட்டு உங்கள் காருக்கு மாறிக்கொள்வேன். மூன்று பேரும் ஒன்றாகப் போய் இறங்குவோம், ஒன்றாக வரிசையில் நின்று சர்க்கரைப் பொங்கல் வாங்குவோம். திரும்பும்போது அதே பார்க்கிங்கில் நான் இறங்குவேன். நீ பின்சீட்டிலிருந்து "பை அப்பா" என்று சொல்லிவிட்டு முன்சீட்டுக்கு மாறுவாய். ஆபீஸ் நண்பனை இறக்கிவிடுவது போல என்னை இறக்கிவிட்டுப் போனீர்கள் என்று அப்போது எனக்குக் கோபம் வரும். அப்படி ஏற்பாடு செய்தவனே நான்தான் என்பது அந்தக் கோபத்தில் மறந்துவிடும்.

ஊரை ஏமாற்றுவதுதான் கஷ்டமாக இருந்தது. உன் பெரியப்பா திருப்பூரில் நூல் கடை வைத்திருந்தார் அல்லவா, ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு ஓய்வு. அங்கே சாயங்காலம், இங்கே காலை. காசைப் பற்றி யோசிக்காமல் வாராவாரம் போன் செய்வார். முடிந்த ஞாயிறுகளில் நான் அதற்குள் எடிசன் வீட்டுக்கு வந்துவிடுவேன். வர முடியாத ஞாயிறுகளுக்கென்று உனக்கு ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்திருந்தோம். யார் எதைத் தமிழில் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளை நீ. "சாப்பிட்டியா" என்றால் "நாட் ஹங்ரி" என்பாய். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிசகில்லாமல் சொல்வாய். "அப்பா குளிச்சிட்டிருக்காங்க பெரியப்பா." அவ்வளவு சுத்தமாக நீ பேசிய தமிழ் அந்தக் காலத்தில் அது ஒன்றுதான். பெரியப்பா அந்தப் பக்கம் "சேரி அம்மிணி, குளிச்சிட்டு வரட்டும்" என்பாராம். நானும் அம்மாவும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். சிரித்தோம் என்பதை எழுதும்போது இப்போது கூசுகிறது.

இனி உன் பெயரில் போட்ட ஒரு வரிக் கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். நீ பிறந்தபோது சொந்தக்காரர்களும் நண்பர்களும் கையில் கொடுத்த பணத்தையெல்லாம் சேர்த்து உன் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் ஷேர் வாங்கிப் போட்டிருந்தேன். அது நாங்கள் யாரும் எதிர்பாராத அளவுக்கு ஏறிவிட்டது. உன் பல்லுக்குக் கம்பி போட வேண்டும் என்று டாக்டர் சொன்ன வருடம் அதில் ஒரு பகுதியை விற்றேன். லாபம் வந்ததால் உன் பெயரிலும் ஒரு டாக்ஸ் ரிட்டர்ன் போட வேண்டியதாயிற்று. எல்லாக் கணக்கையும் நானே போடுவேன், எந்த அக்கவுன்டன்டுக்கும் காசு கொடுத்ததில்லை என்பது என் பெருமைகளில் ஒன்று. வீட்டை விட்டுப் போன பிறகு அதுவே எனக்கு வீட்டுக்கு வருவதற்கான சாக்காகவும் ஆகிவிட்டது. டைனிங் டேபிளில் காகிதங்களைப் பரப்பிவிட்டால் இரண்டு மூன்று ஞாயிறு ஓடிவிடும். அம்மா காபி கொண்டு வந்து வைப்பாள், நீ ஸ்டேப்ளரைப் பிடுங்கிக்கொள்வாய். ஒரே நாளில் முடிகிற வேலையை நான் ஏன் இழுத்தேன் என்று நீங்கள் இருவரும் கேட்டதே இல்லை.

அந்த வருடம் பாதியில், ஷேர் விற்ற லாபத்துக்கான வரிச் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். எந்தத் தேதிக்கு முன்னால் விற்றது, எவ்வளவு காலம் கையில் வைத்திருந்தது என்றெல்லாம் பிரித்துப் பிரித்துக் கணக்குப் போட வேண்டும். நான் பெரிய கணக்குப்புலி, பழைய வழியிலேயே போட்டு அனுப்பிவிட்டேன். கோடைகாலத்தில் ஆபீஸில் பேச்சு வந்தபோதுதான் உனக்குக் கூடுதலாக வரி கட்டியிருக்கிறேன் என்று தெரிந்தது. திருத்திய கணக்கு அனுப்பினால் பணம் திரும்ப வரும். தப்புச் செய்துவிட்டோம் என்று தெரிந்து அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். வரி சீசன் முடிந்து மூன்று மாதத்துக்குப் பிறகு எனக்கு மறுபடியும் அந்த டேபிளில் உட்கார ஒரு வேலை கிடைத்துவிட்டது. லைப்ரரியில் ஃபாரங்களை எடுத்துக்கொண்டு, அதே இனிப்புக் கடையில் மைசூர்பாகும் வாங்கிக்கொண்டு, ஞாயிறு காலையில் வந்து இறங்கினேன்.

சின்னப் பிள்ளைகளின் முதலீட்டு வருமானம் ஒரு அளவைத் தாண்டினால், அதற்குப் பெற்றவர்களின் வரி விகிதத்தைத்தான் போட வேண்டும். பணக்காரர்கள் பிள்ளை பெயரில் சொத்தை ஒளிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு. அதற்கென்று தனி ஃபாரம் ஒன்று உண்டு. அதன் தலைப்பிலேயே ஒரு கட்டம் இருக்கும், பெற்றோர் பெயர் எழுத. முதலில் அனுப்பியபோது அதில் என் பெயரை எழுதியிருந்தேன். திருத்தும்போதும் பேனாவை எடுத்து அதையே எழுதப் போனேன். உன் அம்மா அந்தச் சமயம் என் எதிரே உட்கார்ந்து, விளக்கப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அந்த வருடம்தான் அவள் தனியாக வரி கட்ட ஆரம்பித்திருந்தாள். சொந்தக்காரர்களிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், கையெழுத்துப் போடுகிற காகிதத்தில் பொய் எழுத மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவள். ஒரு பக்கத்தில் விரலை வைத்து என் பக்கம் திருப்பினாள்.

"ஏனுங்க, பெத்தவங்க தனித்தனியா இருந்தா, புள்ள யாரு கூட இருக்குதோ அவங்க பேரத்தான் எழுதோணும்னு போட்டிருக்குதுங்க."

"அதெல்லாம் டைவர்ஸ் ஆனவங்களுக்கு."

"பிரிஞ்சு இருக்கறவங்களுக்கும்னு போட்டிருக்குதுங்க. வருசம் பூரா அவ இங்கதான தூங்குனா?"

அவள் குத்திக் காட்டவில்லை. எரிவாயு பில்லைப் படிப்பது போலத்தான் படித்தாள். எனக்குத்தான் உச்சியில் ஏறிவிட்டது. "அப்ப நான் யாரு?" என்று டேபிளைத் தட்டினேன். பள்ளிக்கூடத்தில் சேர்த்தது யார், சைக்கிள் பிடித்துக்கொண்டு ஓடியது யார், இந்த ஷேரை வாங்கியதே யார் என்று பட்டியல் போட்டேன். கொஞ்ச நாளாகப் பேச்சில்லாமல் இருந்த அந்த வீட்டில் என் குரல் எல்லா அறைக்கும் போயிற்று. நீ ஹாலில் டிவியின் சத்தத்தைக் கூட்டினாய். கூட்டியது எனக்குக் கேட்டது, ஆனாலும் நான் நிறுத்தவில்லை. உன் அம்மா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "எழுதறதுனா எழுதிக்குங்க, ஆனா அது நெசமில்லீங்க" என்று மட்டும் சொன்னாள்.

கடைசியில் அவள் பெயரைத்தான் எழுதினேன். அவள் பெயர், அவள் வரி நம்பர், அவள் வருமானம். என்னைவிட அவள் சம்பளம் குறைவு, அதனால் வரி விகிதமும் குறைவு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் உனக்குத் திரும்ப வரவேண்டிய பணம் இன்னும் கூடிவிட்டது. என் பெயர் போனதும் உனக்கு லாபம். அதைப் பார்த்து நானே சிரித்திருக்க வேண்டும், முடியவில்லை. உன்னைக் கூப்பிட்டு, திருத்திய கணக்கில் உன் கையெழுத்தைப் போடச் சொன்னேன். புதிதாகக் கற்ற கோர்வை எழுத்தில், நாக்கைக் கம்பிப் பல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிதானமாகப் போட்டாய். போட்டு முடித்து, பழைய ஃபாரத்தின் நகலையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அந்தக் கட்டத்தையே பார்த்தாய். கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

அப்போது சமையலறை போன் அடித்தது. நீதான் ஓடிப் போய் எடுத்தாய். பெரியப்பா. நான் உன்னிலிருந்து நாலு எட்டில், டேபிளில், கையில் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். நீ போனைக் காதில் வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே சொன்னாய். "அப்பா குளிச்சிட்டிருக்காங்க பெரியப்பா."

பழக்கத்தில் வாயில் வந்துவிட்டதா, என் முகம் இருந்த இருப்பைப் பார்த்து எனக்காகச் சொன்னாயா, இல்லை அந்தக் கட்டத்தில் நான் இல்லையென்றால் இந்த வீட்டிலும் இல்லை என்று முடிவு செய்துவிட்டாயா, எனக்குத் தெரியாது. இன்றுவரை உன்னிடம் கேட்டதில்லை. எழுந்து வந்து போனை வாங்கி "அண்ணா" என்று ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். உன் அம்மாவும் அதற்காகத்தான் என்னைப் பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை. வீம்பு. என் பெயரை எடுத்துவிட்டீர்கள் அல்லவா, அப்படியே இருக்கட்டும் என்ற வீம்பு. பெட்டியோடு போன அன்று நான் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை கண்ணு. அந்த ஞாயிறு, உன் கண் முன்னால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனேன்.

அதற்கப்புறம் நடந்தது உனக்கும் தெரியும். பணம் உன் பெயரில் காசோலையாக எடிசன் வீட்டுக்கு வந்தது. நீயும் அம்மாவும் பேங்குக்குப் போய்ப் போட்டீர்கள். அடுத்த வருடக் கணக்கை அம்மா வெளியே கொடுத்துவிட்டாள், நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவது குறைந்தது. கொஞ்ச காலத்தில் கோர்ட்டிலும் கையெழுத்துப் போட்டோம். பெரியப்பாவின் போனும் அந்த வருடத்தோடு குறைந்து, பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் என்று ஆகிவிட்டது. அண்ணனுக்கு வியாபாரம் பெருகிவிட்டது, அமெரிக்காவில் இருக்கிற தம்பி எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். அந்த மனத்தாங்கலில் நானும் அவருக்கு அதிகம் போன் செய்யவில்லை. அவர் இறந்தபோது நானும் உன் அம்மாவும் புருஷன் பெண்சாதியாகத்தான் திருப்பூர் போனோம். எங்களுக்கென்று மாடியில் ஒரு அறை ஒதுக்கியிருந்தார்கள். அவள் கட்டிலில் ஒரு ஓரத்தில் படுத்தாள், நான் தரையில் பாய் விரித்துக்கொண்டேன். காரியமெல்லாம் முடிந்து வந்து நான் சுவரைப் பார்த்து அழுதபோது, அவள் எழுந்து ஒரு துண்டைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அண்ணனிடம் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லையே என்றுதான் அழுதேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை.

பத்திரிகை மாதிரியைப் பார்த்த பிறகு, இன்று காலையில் உன் பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். கல்யாணத்துக்கு வருகிறவர்களில் பெரியவர் அவர்தான். இத்தனை வருட நாடகத்தை அவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று, மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு ஆரம்பித்தேன். பாதி சொல்வதற்குள் அவர் குறுக்கே வந்துவிட்டார்.

"தெரியுமுங்க தம்பி. எப்பப் போன் பண்ணுனாலும் நீங்க குளிச்சிட்டே இருந்தா தெரியாதுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனுக்கும் தெரியுமா என்று கேட்டேன்.

"அவரு மொதல்லயே கண்டுபுடிச்சிட்டாரு. அந்தப் புள்ள அதச் சொல்றப்ப கொரலு நடுங்குமாமுங்க. ஒரு ஞாயித்துக்கெழம போன வெச்சுட்டு வந்து, ஒரு வாய் சோறு திங்கல. நாம கூப்புடறதாலதான அது பொய் சொல்லுது, இனிமே ஞாயித்துக்கெழம கூப்புட வேண்டாம்னுட்டாரு."

என் அண்ணன் என்னை மறந்துவிட்டார் என்று இத்தனை வருடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவரோ எட்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, என் பெண்ணின் குரல் நடுங்கக்கூடாது என்பதற்காகத் தன் தம்பியின் குரலையே விட்டுக்கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே வீட்டில், நாலு எட்டில் இருந்த என் காதில் அந்த நடுக்கம் விழவில்லை. நான் அப்போது என் பெயரைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அதை நினைத்து இன்று முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை கண்ணு. மன்னித்துவிடு என்று எழுதினால் நீ உடனே "இட்ஸ் ஓகே அப்பா" என்பாய், அதனால் அதை எழுதவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். சண்டை வரும், வராவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். நீ என் பெண், உனக்கும் வாய் உண்டு. சண்டை போடுங்கள், சேர்ந்திருங்கள், முடியாவிட்டால் என்ன செய்வதென்று நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் உங்களுக்கு ஒரு குழந்தை பிறந்தால், உங்கள் மானத்தைக் காப்பாற்றுகிற வேலைக்கு அதை அனுப்பாதீர்கள். இந்த ஒன்றைத் தவிர உனக்குச் சொல்ல என்னிடம் வேறு புத்தி எதுவும் இல்லை.

பத்திரிகையில் அந்த வரியை மாற்றச் சொல்லு. தம்பதியர் என்ற வார்த்தை வேண்டாம். முதலில் உன் அம்மா பெயர், தனி வரியில். அதற்குக் கீழே, இடம் இருந்தால், என் பெயர். சொந்தக்காரர்களில் யாரிடமெல்லாம் மறைத்தோமோ அவர்களுக்கெல்லாம் நானே போன் செய்து சொல்கிறேன், உன்னையோ அம்மாவையோ யாரும் துளைக்க மாட்டார்கள். அய்யரிடமும் நானே பேசிக்கொள்கிறேன். அம்மா மனையில் உட்கார்ந்தே ஆக வேண்டும், அதில் பேச்சே கிடையாது. அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளை உட்கார்ந்தாக வேண்டும் என்று அவர் சொன்னால், எல்லோருக்கும் உண்மை தெரிந்த பிறகு, உன் அப்பாவாக மட்டும் வந்து உட்காருகிறேன். உன் கையைப் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு, தண்ணீர் வார்ப்பது அவள் கை. அன்று முழுக்க வாயைத் திறக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லு, அவள் நம்ப மாட்டாள், இருந்தாலும் சொல்லு.

காலை முகூர்த்தம் என்று போட்டிருக்கிறது. ஐசலினிலிருந்து கோயிலுக்குப் பக்கம்தான். உங்கள் காருக்கெல்லாம் மாறாமல் என் காரிலேயே வந்து, வாசலில் வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டு நிற்பேன். அப்பா எங்கே என்று யாராவது உன்னிடம் கேட்டால், நீ ஒன்றும் சொல்ல வேண்டாம் கண்ணு, என்னைக் கை காட்டினால் போதும். அன்றைக்கு நான் விடிவதற்கு முன்பே குளித்துவிடுவேன்.

அப்பா